வெடுக்கனுக்குக் கடமான் கொடுத்தது

அந்தக் காலத்தில் நாய்க்கும் மானுக்கும் நம்மைப் போலவே வாய்ப்பேச்சு இருந்தது. கடமானுக்குக் கொம்பு முளைத்தால் முளைத்ததுதான், ஒருநாளும் உதிராது. வருஷத்துக்கு வருஷம் கிளைவிட்டு வளர்ந்துகொண்டே போகும். வயசான கடமான் எதிரே வந்தால், பட்டமரம் ஒன்று கால் முளைத்து நடந்து வருகிறதோ என்று ஆட்கள் திகைத்து நிற்பார்களாம். பார்க்கிறவனுக்குக் கம்பீரம். சுமக்கிறவனுக்கு அல்லவா தெரியும் கழுத்துவலி!

அப்போது மலையடிவாரத்தில் நார்ப்பட்டி என்று ஓர் ஊர் இருந்தது. கற்றாழை நாரில் கயிறு திரித்து வலை பின்னுகிற ஊர். வீட்டுக்கு ஒரு துண்டுத் தினைக்காடும் உண்டு. அந்த ஊரின் கடைசிக் குடிசையில் சடைச்சி இருந்தாள். கட்டினவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை குட்டி கிடையாது. அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரு நாய். அதன் பெயர் வெடுக்கன்.

பெயரைக் கேட்டாலே தெரியுமே! கண்ணில் பட்டதை வெடுக்கென்று கவ்வுவான், கவ்வியதைக் கடிப்பான், கடித்ததை ஒன்றும் இல்லாமல் ஆக்குவான். சடைச்சியின் பாய் போயிற்று. முறம் போயிற்று. அகப்பையின் காம்பு போயிற்று. கொடியில் காயப்போட்ட சேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கந்தலாகி, கடைசியில் கல்யாணச் சேலை ஒன்றுதான் மிச்சம். அதைப் பானைக்குள் சுருட்டி வைத்து, பானையை உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தாள். பிறகு கட்டியிருந்ததும் நைந்து, உடுத்த வேறு துணியே இல்லாமல் போகவே, தினமும் அதையே கட்டிக்கொண்டு தினைக்காட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

“என்னடி சடைச்சி, தினம் தினம் கல்யாணமா?” என்று பக்கத்து வீட்டு ஒச்சாயி கேலி செய்வாள்.

“ஆமா மதினி, மாப்பிள்ளைதான் இன்னும் வரல” என்று இவளும் சிரித்துக்கொண்டே போவாள்.

இவ்வளவு அழிச்சாட்டியம் செய்கிற நாயை ஏன் வைத்திருக்கிறாள் என்று நீங்கள் கேட்பீர்கள். ஊரும் கேட்டது. சடைச்சி பதில் சொல்லமாட்டாள். வெடுக்கனின் தலையைத் தடவிக்கொண்டே உள்ளே போய்விடுவாள்.

போன ஐப்பசியில் ஒரு பேய்மழை. காற்று என்றால் காற்று, ஆளைத் தூக்குகிற காற்று. பொழுது சாயும் நேரத்தில் சடைச்சியின் கூரை மொத்தமாகச் சரிந்து அவள்மேல் விழுந்தது. மூங்கிலும் ஓலையும் ஈரம் குடித்து யானை கனம் கனத்தன. கை அசையவில்லை, கால் அசையவில்லை. கத்தினாள். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? ‘சரி, நம் கதை இவ்வளவுதான்’ என்று கண்ணை மூடியவளுக்கு, தலைக்குமேல் கறுக் கறுக் என்று ஒரு சத்தம் கேட்டது. அப்போது வெடுக்கன் பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்த குட்டி. மூங்கிலைக் கட்டிய கயிறுகளை ஒவ்வொன்றாகக் கடித்து, ஓலையைக் கடித்துப் பிய்த்து, ஈறெல்லாம் ரத்தம் வழிய ஒரு பொத்தல் போட்டான். அந்தப் பொத்தல் வழியாகத்தான் மூச்சு வந்தது. அதன் வழியாகத்தான் அவளும் வெளியே வந்தாள்.

அவன் பல்லால் அல்லவா இந்த உயிர்! அந்தப் பல்லை எப்படிக் கோபித்துக்கொள்வாள்?

ஆனால் வெடுக்கன் அவள் வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்களே, அதுமாதிரி ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிவந்தான். ஒச்சாயியின் உலக்கை நுனியைக் கரும்புபோல மென்று துப்பினான். ஏணியில் இரண்டு படியைக் காணவில்லை. கடைசியாக, வலை பின்னுகிறவர்களின் தலைவன் வீரணன் ஆசை ஆசையாகத் தைத்து வாங்கிய புதுச் செருப்பில் இடது காலைத் தின்று தீர்த்தான்.

வீரணன் வலது காலில் மட்டும் செருப்போடு ஊர்க்கூட்டத்துக்கு வந்தான். கோபத்தில் அதைக் கழற்றக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் முறைத்த முறைப்பில் சிரிப்பு அடங்கிவிட்டது.

“ஏ சடைச்சி, கேட்டுக்க. இன்னும் ஒரு பொருள். ஊர்ப்பொருள் இன்னும் ஒண்ணே ஒண்ணு அவன் வாயில போச்சுன்னா, அன்னைக்கே ஆத்துக்கு அக்கரை கொண்டுபோய் விட்டுருவோம்.”

ஆற்றுக்கு அக்கரை சிறுத்தைக் காடு. அங்கே போன நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை.

வீட்டுக்கு வந்து சடைச்சி வாசலில் உட்கார்ந்து அழுதாள். வெடுக்கன் அவள் முட்டியில் தாடையை வைத்துக்கொண்டு மேலே பார்த்தான்.

“ஏண்டா இப்படிப் பண்ற? உனக்கு நான் என்னடா குறை வச்சேன்? சோறு போடலையா?”

“பசிக்கு இல்ல ஆத்தா. பல்லு ஊறுது” என்றான் வெடுக்கன். “எதையாவது கடிச்சுக்கிட்டே இருந்தாத்தான் மனசு நிக்குது. வாய் சும்மா இருந்தா, நீ இன்னும் அந்தக் கூரைக்கு அடியிலேயே கிடக்கிற மாதிரி இருக்கு. இன்னும் ஒரு கட்டுத்தான், இன்னும் ஒரு கயிறுதான்னு மனசு அடிச்சுக்குது. கடிக்காம இருக்க முடியல.”

சடைச்சி அவன் தலையை இழுத்து மடியில் அணைத்துக்கொண்டாள். ‘கடிக்காதே’ என்று இவனிடம் சொல்லிப் பயனில்லை, கடித்தாலும் தீராத ஒரு பொருளைத் தேடித் தருவதுதான் வழி என்று அன்று முடிவு செய்தாள்.

முதலில் முருங்கைக் கட்டையைக் கொண்டுவந்தாள். வெடுக்கனுக்கு அது பொரிகடலை. தேங்காய்ச் சிரட்டை கொடுத்தாள், ஒரு நேரத்துக்கு வந்தது. பனங்கொட்டையைப் பிளந்து உள்ளே இருந்ததையும் தின்றுவிட்டு, “இன்னும் இருக்கா ஆத்தா?” என்றான். மூங்கில் கணுவைக் கொடுத்தபோது சிம்பு ஒன்று ஈறில் ஏறிவிட்டது. அவன் வாயைப் பிளந்து பிடித்து, விரல் நகத்தால் அதை உருவி எடுப்பதற்குள் இரண்டு பேரும் அழுதுவிட்டார்கள். ‘மெத்தென்று இருப்பதெல்லாம் தீர்ந்து போகிறது, கல் தீராதே’ என்று ஆற்றிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து வந்தாள். வெடுக்கனும் அவளுக்காக ஒரே ஒரு கடி கடித்தான். டக்கென்று ஒரு சத்தம். கடைவாய்ப் பல்லில் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது.

“ஆத்தா, கோவிச்சுக்காத” என்றான் அவன், நாக்கால் பல்லைத் தடவிக்கொண்டே. “கடிச்சா கொஞ்சம் கொடுக்கணும். ஆனா தீர்ந்துறக் கூடாது. அப்படி ஒண்ணு இருந்தாச் சொல்லு.”

“உன் வாய்க்கு ருசியா ஒண்ணைப் பிரம்மாகிட்டத்தான் கேக்கணும்” என்று அலுத்துக்கொண்டாள். அலுத்துக்கொண்டாலும் தேடுவதை விடவில்லை.

அந்த நேரத்தில்தான் ஊருக்கு வேறொரு தலைவலி வந்தது. தினை பால்பிடித்துக் கதிர் சாய்கிற பருவத்தில், ஒரு கிழட்டுக் கடமான் காட்டைவிட்டு இறங்கி வந்து மேயத் தொடங்கியது. தின்றது கொஞ்சம், அதன் கொம்பில் சிக்கி நாசமானது ஏராளம். தலையை ஒரு பக்கம் திருப்பினால் அரைக்காணி தினை சாய்ந்துவிடும். இப்படியே விட்டால் மழைக்காலத்துக்கு ஊருக்குக் கஞ்சி கிடையாது. அதனால் வீட்டுக்கு ஒரு பாகமாகப் பெருவலை ஒன்று பின்னி, காட்டுக்கும் தினைக்கொல்லைக்கும் நடுவே கட்டி மானைப் பிடிப்பதென்று முடிவாயிற்று.

நார்ப்பட்டிக்காரர்கள் வலை பின்னுவதில் ஒரு பக்குவம் உண்டு. வெயிலில் நார் முறுகி அறுந்துபோகாமல் இருக்க, திரித்த கயிற்றுக்கு ஆட்டுக்கொழுப்பை உருக்கி மூன்று தரம் பூசுவார்கள். பூசிய கயிறு பாம்புபோல வளையும், எருது இழுத்தாலும் அறாது. சடைச்சியும் தன் பங்கைத் திரித்தாள், கொழுப்புப் பூசினாள், பின்னினாள். வேலை முடிந்தபோது முழ நீளத்தில் ஒரு துண்டு மிச்சம் விழுந்தது.

இவ்வளவு கெட்டியான பொருள் கையிலேயே இருக்கிறதே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு முடிச்சுப் போட்டு வெடுக்கனிடம் வீசினாள். அவன் கொழுப்பு வாசத்தை ஒருமுறை மோந்து பார்த்தான், முன்னங்கால் இரண்டுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு படுத்தான். பொழுது போயிற்று. மறுநாளும் போயிற்று. மூன்றாம் நாளும் கயிற்றில் பாதி மிச்சம் இருந்தது!

சந்தோஷத்தில் சடைச்சிக்குத் தலைகால் புரியவில்லை. ஒச்சாயியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள்.

“பாருங்க மதினி, உங்க உலக்கைக்கு இனி ஆபத்தில்ல!”

“அடியாத்தீ, நெசந்தான்” என்று ஒச்சாயி மூக்கில் விரலை வைத்தாள்.

பதினைந்து நாள் ஊரில் எதுவும் காணாமல் போகவில்லை. துண்டு தீரத் தீர சடைச்சி புதுத்துண்டு கொடுத்தாள். வெடுக்கன் நிம்மதியாகத் தூங்கினான். அவன் தூங்குவதைப் பார்த்து அவளும் தூங்கினாள். பாவம், தான் செய்த காரியம் இன்னதென்று அவளுக்கு விளங்கவில்லை. பழைய செருப்பைக் கடிக்கக் கொடுத்துப் பழக்கினால் புதுச்செருப்பைக் கடிக்காதே என்று நாயிடம் எப்படிச் சொல்வது? துண்டுக்கயிறு வேறு, ஊர்வலை வேறு என்று நமக்குத் தெரியும். நாய்க்கு இரண்டும் ஒரே வாசம்தானே!

வலை கட்டி நாலாம் நாள் காவல்முறை சடைச்சிக்கு வந்தது. விடியலுக்கு முந்திப் போய் முன்னால் காத்தவரை அனுப்பிவிட்டு, பொழுது ஏறும்வரை காக்க வேண்டும். மான் விழுந்தால் மரத்தில் தொங்கும் தப்பட்டையை அடிக்க வேண்டும். சத்தம் கேட்டதும் ஆட்கள் தடியோடு ஓடிவருவார்கள். வலைப்பக்கம் நாய் வரக்கூடாது என்பது கட்டுப்பாடு. ஆகவே வெடுக்கனை வீட்டுத் தூணில் கட்டிவிட்டுப் போனாள்.

எதைக்கொண்டு கட்டினாள்? அதே கயிற்றால்தான். அவளை என்னவென்று சொல்வது!

கிழக்கு வெளுத்துக்கொண்டு வந்தது. காவலிருந்தவர் கொட்டாவி விட்டபடி போய்விட்டார். சிறிது நேரத்துக்கெல்லாம் காட்டுப் பக்கம் செடிகொடி முறிகிற ஓசை. பெரிய உருவம் ஒன்று தள்ளாடி வந்து வலையில் முட்டியது. வலை அப்படியே அதன்மேல் சரிந்தது. உதறியது, துள்ளியது, திமிறியது. திமிறத் திமிறக் கொம்பின் ஒவ்வொரு கிளையிலும் கயிறு சுற்றி இறுகியது. சடைச்சி தப்பட்டைக் குச்சியை எடுத்துக் கையை ஓங்கினாள்.

கறுக் கறுக்.

அந்தச் சத்தம்! ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தாள். கழுத்தில் அறுந்த கயிறு தொங்க, வாலை ஆட்டிக்கொண்டு, வலையின் ஓரத்தில் படுத்து வெடுக்கன் கடித்துக்கொண்டிருந்தான். ஆத்தா இன்றைக்கு எவ்வளவு பெரிய துண்டைப் போட்டிருக்கிறாள் என்று அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். அதற்குள் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு வலையில் ஓட்டை விழுந்திருந்தது.

“விடுடா! அட பாவி, விடுடா!” என்று ஓடினாள். “போச்சே, எல்லாம் போச்சே! நானே கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிஞ்சிக்கிட்டேனே!”

வெடுக்கன் பயந்து, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, சொன்னவுடன் விட்டுவிட்டான். காதை மடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

அப்போது வலைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மிகவும் களைத்த குரல்.

“தாயே, அடிக்கிறதுன்னா சீக்கிரம் அடிச்சிரு. மூச்சு முட்டுது.”

சடைச்சி திரும்பினாள். கடமானின் கழுத்தைக் கயிறு நெரித்துக்கொண்டிருந்தது. தலையைத் தூக்க முடியாமல் முகம் மண்ணில் பதிந்திருந்தது. ஒரு கண் மட்டும் மேலே பார்த்தது.

“உங்க தினையைத் திங்கணும்னு ஆசைப்பட்டு வரல” என்றது அது. “இந்தக் கொம்பு பாரத்துல தலையை நிமித்தி எத்தனை வருஷமாச்சு தெரியுமா? நெல்லிமரத்துக்குக் கீழேயே நிப்பேன். மேலே காய் தொங்கும், எட்டாது. மலை ஏற முடியாது. குனிஞ்ச தலைக்கு எட்டினது உங்க தினை ஒண்ணுதான்.”

அசையாத கை, அசையாத கால், நெஞ்சை அழுத்துகிற பாரம். சடைச்சிக்கு ஐப்பசி மழை ஞாபகம் வந்தது. ஓலைக்கு அடியில் தானும் இப்படித்தானே ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தாள்! தப்பட்டையை அடித்தால், வலை கிழிந்ததைப் பார்த்து வெடுக்கனை அக்கரைக்கு அனுப்புவார்கள். அடிக்காமல் விட்டாலும் அதேதான். எப்படிப் போனாலும் நாய்க்கு இனி இந்த ஊர் இல்லை. இந்த உயிரையாவது விட்டுவைக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது.

குச்சியைத் தூர எறிந்தாள்.

“வெடுக்கா!”

“ஆத்தா?”

“கடிடா.”

அவன் நம்பாமல் அவள் முகத்தைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து ‘விடு’ என்ற சொல்லையே கேட்டுவந்தவன் அல்லவா!

“கடிடா என் ராசா! அன்னைக்கு எனக்குக் கடிச்சியே, அதே மாதிரி கடி!”

பாய்ந்தான் பாருங்கள்! கழுத்துக் கயிற்றை மூன்றே கடியில் அறுத்தான். மானுக்கு மூச்சு வந்தது. காலில் சுற்றியதை அறுத்தான். சடைச்சியும் கையால் இழுத்து இழுத்து விலக்கினாள். ஆனால் கொம்பு மட்டும் வரவில்லை. கிளைக்குக் கிளை கயிறு சுற்றி, கயிற்றின் மறுமுனைகள் நான்கு மரங்களில் இறுகியிருந்தன. ஊர்ப் பக்கம் சேவல் கூவியது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“கயிறு நூறு இருக்கு ஆத்தா, கொம்பு ரெண்டுதான் இருக்கு” என்றான் வெடுக்கன்.

“கொம்பையா? அதுக்கு வலிக்குமேடா!”

“வலிச்சா வலிச்சிட்டுப் போகுது” என்றது கடமான். “இத்தனை வருஷம் வலிக்காமலா இருந்துச்சு? கடி தம்பி.”

வெடுக்கன் கொம்பின் அடியில், தலையோடு சேருகிற இளசான இடத்தில் பல்லை வைத்தான். முருங்கைபோல உதிரவில்லை, மூங்கில்போலக் குத்தவில்லை, கல்போலப் பல்லை உடைக்கவில்லை. கடித்தால் கொஞ்சம் கொடுத்தது. கொஞ்சமே கொஞ்சம்தான் கொடுத்தது. வெடுக்கனின் கண் சொருகியது. கறுக் கறுக் என்று அரம் போட்டதுபோல அரைவட்டம், முழுவட்டம் கொறித்து வந்தான். சூரியன் மலைமேல் தலைகாட்டும்போது படீரென்று முதல் கொம்பு முறிந்து விழுந்தது. மானின் தலை ஒரேயடியாக மறுபக்கம் சாய்ந்தது. அடுத்ததும் விழுந்தபோது, அது தன்னையறியாமல் தலையை நிமிர்த்தியது.

நிமிர்ந்த தலை நிமிர்ந்தபடியே நின்றது. கடமான் வானத்தைப் பார்த்தது. மரத்தின் உச்சியைப் பார்த்தது. அதன் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

“தலைக்கு வந்தது கொம்போட போச்சு” என்றது. சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை.

கொம்பு இருந்த இரண்டு இடத்திலும் ரத்தம் கசிந்தது. சடைச்சி குப்பைமேனி இலையைப் பறித்துக் கசக்கி வைத்தாள். கட்டுவதற்குத் துணி? சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு தன் முந்தானையைப் பார்த்தாள். வெடுக்கன் வாய்க்குத் தப்பித்த ஒரே சேலை. துவைத்துத் துவைத்துப் பழுப்பேறி, பூனைக்குட்டி வயிறு மாதிரி மெத்தென்று ஆகிவிட்ட கல்யாணச் சேலை. ஒரு கணம்தான் தயங்கினாள். டர்ரென்று கிழித்து இரண்டு கொம்படியையும் சுற்றிக் கட்டினாள்.

“ஓடு. ஆளுங்க வர்றாங்க, ஓடு!”

மான் மரத்துக்குப் பின்னால் மறைந்தது. அதற்குள் வீரணன் தடியோடு வந்துவிட்டான். பின்னாலேயே ஒச்சாயியும் ஊரும். ராப்பகலாக ஊரே உட்கார்ந்து பின்னிய வலை, கோழி கிளறிய வைக்கோல்போலக் கிடந்தது. நடுவில் நாய்.

“உன் நாய் வலையைத் தின்னுருச்சு” என்றான் வீரணன். கத்தவில்லை. அதுதான் சடைச்சிக்கு அதிகப் பயமாக இருந்தது. “நீ பாத்துக்கிட்டு நின்னிருக்க.”

“பாத்துக்கிட்டு நிக்கலண்ணே. கடிக்கச் சொன்னதே நான்தான். கயிறு ருசியைக் காட்டினதும் நான்தான். அக்கரைக்கு அனுப்புறதுன்னா ரெண்டு பேரையும் அனுப்புங்க. இவன் இல்லாட்டி போன ஐப்பசியிலேயே என்னை மண்ணுல வச்சிருப்பீங்க. அதுக்கப்புறம் நான் சாப்பிட்ட ஒவ்வொரு வாய்க் கஞ்சியும் இவன் போட்ட பிச்சை.” இத்தனை நாள் தொண்டையில் நின்றது முழுவதும் வந்துவிட்டது.

ஒச்சாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போது மரத்துக்குப் பின்னால் சருகு சலசலத்தது. கடமான் ஓடிப்போகவில்லை. தலையில் துணிக்கட்டோடு நேரே வந்து வீரணன் முன்னால் நின்றது. தடியைத் தூக்கிய வீரணனே அதன் தைரியத்தைப் பார்த்துக் கையை இறக்கிவிட்டான்.

“பெரியவரே, இங்கே பாருங்க” என்றது கடமான். பக்கத்தில் இருந்த நெல்லிமரத்துக்குப் போயிற்று. கழுத்தை நீட்டி, தலையை உயர்த்தி, கிளையிலிருந்து ஒரு காயைப் பறித்து மென்றது. “எட்டுது! இனி உங்க தினை எனக்கு எதுக்கு? மலை இருக்கு, மரம் இருக்கு. வலை போனாலும் உங்க கொல்லை பிழைச்சுது. இது என் சத்தியம்.”

“சரி, நீ வரமாட்ட” என்றான் வீரணன். “இந்தப் பய? இன்னைக்கு வலை, நாளைக்கு என் வீட்டு நிலைப்படியா?”

எல்லோரும் வெடுக்கனைப் பார்த்தார்கள். அவன் எதையும் கேட்கிற நிலையில் இல்லை. விழுந்த கொம்பை முன்னங்கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்து, கண்ணை மூடி, கடித்துக்கொண்டிருந்தான். இவ்வளவு நேரம் கடித்தும் கொம்பு நுனியில் ஒரு நகக்கண் அளவுகூடக் குறையவில்லை.

வீரணன் யோசித்தான். குனிந்து, இன்னும் விடாமல் போட்டிருந்த தன் ஒற்றைச் செருப்பைக் கழற்றினான். அதை வெடுக்கனின் மூக்குக்கு நேராக வைத்தான். சடைச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

வெடுக்கன் ஒரு கண்ணைத் திறந்தான். செருப்பை மோந்து பார்த்தான். மூக்கால் மெல்ல ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, மறுபடி கொம்பைக் கடிக்கத் தொடங்கினான்.

ஒச்சாயிதான் முதலில் சிரித்தாள். பிறகு ஊரே சிரித்தது. வீரணன் சிரிக்கவில்லை. ஆனால் மீசை துடித்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

“இந்தக் கொம்பு எத்தனை நாளைக்கு வரும்?” என்று கேட்டான்.

வெடுக்கன் வாயை எடுக்காமலே, “ஒரு வருஷம் வரும்” என்றான்.

“அப்புறம்?”

கடமான் வந்து வெடுக்கனின் பக்கத்தில் தலையைக் குனிந்தது. பாரத்தால் குனியவில்லை, அது தானாகக் குனிந்த தலை.

“தம்பி, நீ எனக்கு வானத்தைக் காட்டின. எனக்குக் கொம்பு மறுபடி முளைக்கும், அது என் பிறவிக்குணம். ஆனா இனி அதைச் சாகுறவரைக்கும் சுமக்க மாட்டேன். வருஷம் ஒரு தடவை, வெயில் காலத்துல, இதே நெல்லிமரத்தடியில கொண்டாந்து உனக்காக இறக்கி வைக்கிறேன். நீ தேடி வந்து எடுத்துக்க. என் பிள்ளைகளும் உன் பிள்ளைகளுக்கு இப்படியே செய்வாங்க.” பிறகு சடைச்சியைப் பார்த்தது. “தாயே, உன் சேலையை நான் மறக்க மாட்டேன்.”

“நல்லா இருப்பா. நான்தான் உனக்கு நன்றி சொல்லணும். என் பிள்ளையை என்கிட்டயே கொடுத்துட்ட” என்று சடைச்சி கைகூப்பினாள்.

மறுவருஷம் சித்திரையில் சடைச்சியும் வெடுக்கனும் நெல்லிமரத்தடிக்குப் போனார்கள். கொம்பு இரண்டும் சருகின்மேல் கிடந்தன. வெடுக்கன் ஒன்றைக் கவ்விக்கொண்டு வாலைச் சுழற்றினான். சற்றுத் தள்ளிக் கடமான் நின்றது. அதன் தலையில் புதுக்கொம்பு குருத்துவிடத் தொடங்கியிருந்தது. சடைச்சி கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தாள். கை மெத்தென்று பதிந்தது. அந்த நிறம், அந்த மென்மை அவளுக்குத் தெரியாதா! அவள் கட்டிய சேலைத்துணி தோலோடு தோலாக ஒட்டி, கொம்பைப் போர்த்திக்கொண்டு அதுவும் சேர்ந்து வளர்ந்துகொண்டிருந்தது.

அன்று முதல்தான் கடமான் ஆண்டுக்கு ஒருமுறை கொம்பை உதிர்க்கிறது. நாயும் ஓர் எலும்போ கொம்போ கிடைத்துவிட்டால் முன்னங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உலகத்தையே மறந்துவிடுகிறது. புதுக்கொம்பு முளைக்கும்போது மெத்தென்று ஒரு தோல் போர்த்திக்கொண்டுதான் முளைக்கிறது. கொம்பு முற்றியதும் அந்தத் தோல் நாய் கடித்துப் போட்ட கந்தல்போலக் கிழிந்து கிழிந்து தொங்கும். பார்க்கிறவர்கள் ‘ஐயோ பாவம்’ என்பார்கள். பாவமெல்லாம் ஒன்றும் இல்லை, அது சடைச்சியின் கல்யாணச் சேலை.